விட்டுப்போன வரி

சீட்டுகள் ஒரு எவர்சில்வர் தூக்குக்குள் இருந்தன. ஞாயிறு ஆராதனை முடிந்து, மேனாம்பேட்டில் எங்கள் சபைக் கூடத்தில் அறுபது எழுபது பெண்கள் வரிசையில் நின்றுகொண்டிருந்தோம். மேலே ஆஸ்பெஸ்டாஸ் கூரை, மாதமோ மே. யாரோ கட்டிக்கொண்டு வந்திருந்த எலுமிச்சை சாதத்தின் வாசனை எல்லாருடைய பொறுமையையும் சோதித்துக்கொண்டிருந்தது.

என் முறை வந்ததும் கையை விட்டு ஒரு சீட்டை எடுத்தேன். பிரித்துப் பார்த்ததும் என் முகம் விழுந்துவிட்டது.

விஷயம் இதுதான். அந்த வருஷம் எங்கள் சபையில் பைபிள் முழுவதையும் கையால் எழுதுவது என்று முடிவெடுத்திருந்தார்கள். ஆளுக்கு ஒரு பகுதி. எல்லாப் பக்கங்களையும் சேர்த்துத் தடியாக பைண்டு செய்து, அறுப்பின் பண்டிகையன்று பீடத்தில் வைத்துப் படைப்பார்கள். பல சபைகளில் இந்த வழக்கம் உண்டு. யாருக்கு எந்தப் பகுதி என்று மனஸ்தாபம் வரக்கூடாதே என்றுதான் சீட்டு.

எனக்குச் சங்கீதங்கள் மேல் கண், பைபிளில் நூற்றைம்பது பாட்டு கொண்ட பெரிய பகுதி அது. சபையிலேயே அழகான கையெழுத்து என்னுடையது என்று நாலு பேர் சொல்லியிருக்கிறார்கள். ஐந்தாவதாக நானும் சொல்லியிருக்கிறேன். சங்கீதம் டெய்சிக்குப் போனது. டெய்சியின் எழுத்து கோட்டில் உட்கார்ந்ததே கிடையாது. எனக்கு வந்தது புதிய ஏற்பாட்டில் ஒரே ஒரு அதிகாரம் உள்ள ஒரு நிருபம், அதாவது ஒரு கடிதம். எவ்வளவு இழுத்து எழுதினாலும் இரண்டு பக்கம் தாண்டாது. அதன் பெயர் இங்கே வேண்டாம். சபைக்குப் போகிறவர்களுக்கு எதுவென்று தெரிந்துவிடும், மற்றவர்களுக்குக் கதை போதும்.

பாஸ்டரம்மா விதிகளை வாசித்தார். நீல மைதான். அடித்தல் திருத்தல் கூடாது, வெள்ளை மை பூசக்கூடாது. ஒரு தப்பு வந்தாலும் அந்தப் பக்கம் முழுவதையும் திரும்ப எழுத வேண்டும். கடைசியாக இன்னொன்று சொன்னார். எழுத உட்காரும்முன் ஜெபிக்க வேண்டும். எழுதுவதைப் புரியவைக்கவும், புரிந்ததைச் செய்யவைக்கவும் ஆண்டவரிடம் உதவி கேட்க வேண்டும்.

அதற்குள் நான் வாசலில் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தேன். காப்பி எழுதுவதற்கு எதற்கு ஜெபம் என்று நினைத்தது இன்றும் ஞாபகமிருக்கிறது.

சிவப்புச் சீட்டு

என் திமிருக்குக் காரணம் என் உத்தியோகம். பாடியில் ஒரு பழைய தொழிற்சாலையில் இருபது வருஷத்துக்கு மேல் இன்ஸ்பெக்‌ஷனில் இருந்தேன் என்று முந்தைய வாரங்களில் எழுதியிருக்கிறேன். உருளை உருளையாக இரும்புத் துண்டுகள் வரும். அளந்து பார்க்க வேண்டும். தலைமுடி அளவு வித்தியாசம் இருந்தாலும் சிவப்புச் சீட்டைக் கட்டித் திருப்பி அனுப்பிவிடுவேன். மெஷின் ஓட்டுகிற பையன்கள் என்னைக் கண்டால் பேச்சை நிறுத்திவிடுவார்கள்.

ரிட்டயர் ஆன பிறகும் அந்தக் கண் ரிட்டயர் ஆகவில்லை. சபையில் பாடகர் குழு சுருதி விட்டால் எனக்குத் தெரியும். பிரசங்கத்தில் வசன எண் மாறினால் எனக்குத் தெரியும். இந்த வசனம் இன்னாருக்குச் சரியாகப் பொருந்தும் என்று ஒவ்வொரு ஞாயிறும் தலைகளைப் பார்த்துப் பங்கு போட்டுவிட்டு வருவேன். என் பங்கு என்று ஒன்று வந்ததே இல்லை.

என் மாமனார் இதற்கு நேர் எதிர். மேனாம்பேடு வயலாக இருந்த காலத்தில் கூலிக்கு நாற்று நட்டவர், எழுத்துத் தெரியாது. சாயங்காலத்தில் மகள் புஷ்பத்தை வேதம் வாசிக்கச் சொல்வார். இரண்டு வசனம் ஆனதும் கையைக் காட்டுவார். போதும், இதை முதலில் செய்துவிட்டு வருகிறேன், மீதியை அப்புறம் படி என்பார். வாரக்கணக்கில் அதே இடத்தில் நிற்பார். மந்தமான மனுஷர் என்று நான் புதுப்பெண்ணாக இருந்தபோது நினைத்துக்கொள்வேன்.

புஷ்பம்

இந்தப் புஷ்பத்தைப் பற்றி இத்தனை வாரத்தில் நான் ஒரு வரிகூட எழுதவில்லை. எழுதாமல் விட்டது மறதியால் அல்ல.

என் வீட்டுக்காரருக்கு ஒரே தங்கை. எனக்கு நாத்தனார். நான் கல்யாணமாகி வந்தபோது அவளுக்கு இருபத்தி நாலு வயது. நல்ல உயரம், காதில் எப்போதும் ஒரு ஜோடி பிளாஸ்டிக் தோடு. நான் ஷிஃப்டு வேலைக்குப் போகிறவள்; அவள் வீட்டில் இருக்கிறவள். யாரும் உட்கார்ந்து பேசி முடிவெடுக்கவில்லை. சமையல், துணி, தண்ணீர் லாரிக்குக் குடம் வரிசை, பிறகு என் மகளின் பள்ளிக்கூட டிபன், அதற்குப் பிறகு படுத்த படுக்கையான என் மாமியாரின் மூத்திரத் துணி என்று ஒவ்வொன்றாக அவள் தலையில் ஏறின.

எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசைக்கு நாலு நாற்காலி. அவள் ஒருநாளும் அதில் உட்கார்ந்ததில்லை. குடும்ப ஜெபத்தில் ஆளுக்கு ஒரு வசனம் வாசிப்போம். அவள் முறை வரும்போது குக்கர் விசில் அடிக்கும், எழுந்து போய்விடுவாள். அவளுடைய வசனத்தையும் நானே வாசித்துவிடுவேன்.

மாமனார் போன பிறகு ஆவடியிலிருந்து ஒரு சம்பந்தம் வந்தது. டேங்க் ஃபேக்டரிப் பக்கம் கேன்டீன் நடத்துகிற பையன், விசுவாசக் குடும்பம், புஷ்பத்தை எங்கேயோ கல்யாணத்தில் பார்த்துப் பிடித்துப்போய்க் கேட்டிருந்தார்கள். மாமியாரின் உடம்பைக் காரணம் காட்டி இப்போது முடியாது என்று சொல்லி அனுப்பினேன். அவள் போய்விட்டால் மாமியாரை யார் பார்ப்பது, என் ஷிஃப்டு என்னாவது என்பதுதான் என் கணக்கு. என் வீட்டுக்காரர் வாய் திறக்கவில்லை. அவர் எனக்கு அடங்கின மனுஷர். அந்தப் பையனுக்கு அந்த வருஷமே வேறு இடத்தில் முடிந்துவிட்டது.

மாமியார் காலமாகி ஆறு மாதம் இருக்கும். வேலை முடிந்து காலையில் வீட்டுக்கு வந்தேன். அரிசி களைந்து தண்ணீரில் ஊறிக்கொண்டிருந்தது. அடுப்பு பற்றவைக்கவில்லை. அவளுடைய இரண்டு புடவையும் பைபிளும் இல்லை. ஒரு சமையல் வேலைக்குப் போய்விட்டதாகச் சாயங்காலம் யாரோ வந்து சொன்னார்கள். பதினாலு வருஷம் சோறு போட்ட வீட்டை இப்படி விட்டுப் போனாளே என்று பார்க்கிற எல்லாரிடமும் சொல்லித் தீர்த்தேன். சோறு பொங்கிப் போட்டது யார் என்று ஒருவரும் என்னைத் திருப்பிக் கேட்கவில்லை.

பாப்பா

பல வருஷம் கழித்து என் வீட்டுக்காரர் போனது திடீரென்றுதான். குளித்துவிட்டு வந்தவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு கட்டிலில் சாய்ந்தார், அவ்வளவுதான். சொந்தக்காரர்களுக்குச் சொல்ல அவருடைய போனை எடுத்துப் பார்த்தேன். கடைசியாகப் பேசிய எண்களில் 'பாப்பா' என்று ஒன்று இருந்தது. நாலு நாளைக்கு ஒருமுறை, ஐந்து நாளைக்கு ஒருமுறை என்று பேசியிருக்கிறார். புஷ்பத்தை அவர் சின்ன வயதிலிருந்து கூப்பிடுகிற பெயர் அது.

எனக்குத் தெரியாமல் இத்தனை நாளாகப் பேசிக்கொண்டிருந்திருக்கிறார். துக்கத்துக்கு நடுவில் எனக்குக் கோபம்தான் முந்தியது. எல்லாருக்கும் சொன்னேன். அந்த ஒரு எண்ணுக்கு மட்டும் சொல்லவில்லை. போனைக் குப்புறக் கவிழ்த்து வைத்துவிட்டேன்.

அடக்கம் முடிந்து நாலாம் நாள் அது அடித்தது.

"அண்ணா, இன்னா போனே பண்ணல? ஒடம்பு கிடம்பு சரியில்லியா?"

"அண்ணன் இல்ல புஷ்பம். சனிக்கிழமையே எடுத்தாச்சு" என்றேன்.

அந்தப் பக்கம் பெரிய பாத்திரம் எதையோ தரையில் இழுக்கிற சத்தம் கேட்டது. நான் போனை வைக்கவில்லை. கொஞ்ச நேரம் கழித்து லைன் தானாகப் போய்விட்டது.

திரும்பி வந்த பக்கம்

இப்போது அந்தச் சீட்டுக்கு வருகிறேன். இரண்டு பக்க நிருபம்தானே என்று ஒரு மத்தியானம் சாப்பிட்ட கையோடு எழுதி முடித்து, ஞாயிற்றுக்கிழமை கொடுத்தும் விட்டேன். அடுத்த ஞாயிறு பாஸ்டரம்மா அதைத் திருப்பிக் கொடுத்தார். ஒரு வரி விட்டுப்போயிருந்தது.

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. என் வேலையை யாரும் திருப்பி அனுப்பியதில்லை. வீட்டுக்கு வந்து, கதவைச் சாத்திக்கொண்டு, ஸ்கேல் வைத்து வரி வரியாகப் பார்த்து மறுபடி எழுதினேன். அதுவும் திரும்பி வந்தது. அதே வரிதான் இல்லை.

பாஸ்டரம்மாவுக்கு என் மகள் வயதுதான். திருநெல்வேலிப் பக்கத்துப் பெண், மெதுவாகப் பேசுவார். "அக்கா, ஜெபம் பண்ணிட்டுத்தான எழுதுதீங்க?" என்றார். குற்றம் கண்டுபிடிக்கிற குரல் இல்லை, இருந்தாலும் எனக்குச் சுருக்கென்றது. ஆமாம் என்று பொய் சொல்லிவிட்டு வந்தேன்.

அந்த நிருபம் என்னவென்று சொல்லவேண்டும். சிறையில் இருக்கிற ஒரு அப்போஸ்தலர், வசதியான ஒரு விசுவாசிக்கு எழுதுகிற கடிதம். அவருடைய வீட்டிலிருந்து ஓடிப்போன அடிமை ஒருவன் இவரிடம் வந்து சேர்ந்து மனம் மாறியிருக்கிறான். அவனைத் திருப்பி அனுப்புகிறேன், இனிமேல் அடிமையாக அல்ல, பிரியமான சகோதரனாக ஏற்றுக்கொள் என்று எழுதுகிறார். நான் இரண்டு தடவையும் விட்டது அந்தச் சகோதரன் வருகிற வரி.

மூன்றாவது தடவை உட்கார்ந்தபோது மணி காலை பத்து இருக்கும். வெளியே தண்ணீர் கேன்காரர் பெல் அடித்துவிட்டுப் போனார். பேனாவைத் திறந்தேன், மூடினேன். பிறகு கண்ணை மூடினேன். எனக்கு நீண்ட ஜெபம் நன்றாக வரும், சபையில் என்னைத்தான் கூப்பிடுவார்கள். அன்று ஒன்றும் வரவில்லை. ஆண்டவரே, இந்த வரி என் கைக்கு வரமாட்டேன் என்கிறது, ஏனென்று எனக்குத் தெரியவில்லை, நீரே காட்டும் என்று மட்டும் சொன்னேன்.

முதலில் தோன்றியது எனக்குச் சாதகமாகத்தான் இருந்தது. நான்தான் அந்த வீட்டு எஜமானி, ஓடிப்போனவளைப் பெரிய மனதோடு மன்னித்துச் சேர்த்துக்கொள்ள வேண்டும், அவ்வளவுதானே என்று நினைத்தேன். கண்ணில் நீர்கூட வந்தது, என் பெரிய மனதை நினைத்து. மறுபடி எழுதினேன். அந்த வரியில் வந்து கை நின்றது.

அப்போதுதான் தெரிந்தது. அந்தக் கடிதத்தில் அடிமையாக இருந்தவனைச் சகோதரனாக்கச் சொல்கிறார்கள். என் வீட்டுக்கு ஒருத்தி சகோதரியாகவே கிடைத்தாள். நான் அவளை வேலைக்காரி ஆக்கினேன். இருபது வருஷமாக அந்த நிருபத்தைப் படித்திருக்கிறேன், பிரசங்கம் கேட்டிருக்கிறேன், பெண்கள் கூடுகையில் அதைப் பற்றி நானே பேசியும் இருக்கிறேன். இது ஒருநாளும் என் கண்ணுக்குத் தெரிந்ததில்லை. என் மூளையால் இது எனக்குத் தெரியவந்ததென்று யாராவது சொன்னால் சண்டைக்கு வருவேன். மேசையில் தலையை வைத்து அழுதேன். புஷ்பம் வேண்டும் என்று அழுதேன். என் வீட்டுக்காரர் போனபோதுகூட அப்படி ஏங்கி அழவில்லை. பிறகு முகத்தைக் கழுவிக்கொண்டு வந்து, அந்த வரியையும் எழுதி முடித்தேன்.

அயனம்பாக்கம் வரை

புரிந்துவிட்டது, செய்துவிடலாம் என்று நினைக்கிறவர்களுக்காக இதையும் எழுதுகிறேன். புரிய ஒரு காலை ஆனது. செய்ய இரண்டு மாதம் ஆனது.

அவள் பூந்தமல்லியில் இருப்பது விசாரித்ததில் தெரிந்தது. பக்கத்துத் தொழிற்பேட்டையில் பஸ் ஏறினால் ஒரு மணி நேரம்கூட ஆகாது. முதல் தடவை ஏறி, அயனம்பாக்கத்திலேயே இறங்கிவிட்டேன். ஏரிக்கரையில் போய் உட்கார்ந்தேன். என்னவென்று ஆரம்பிப்பது, அவள் கதவைச் சாத்தினால் என்ன செய்வது, நாலு பேர் முன்னால் கேட்டுவிட்டால் முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று யோசித்துவிட்டு, எதிர்ப்பக்கம் பஸ் பிடித்து வீட்டுக்கு வந்தேன். இரண்டாம் தடவையும் அதேதான். ஏரியில் மீன் பிடிக்கிறவர் என்னை அடையாளம் கண்டு சிரித்தார்.

காட்டித் தரச் சொல்லிக் கேட்டதுபோல நடக்க வைக்கவும் கேட்கவேண்டும் என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது. மூன்றாம் தடவை அயனம்பாக்கம் வந்தபோது முன்சீட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு, என்னை எழுந்திருக்க விடாதேயும் என்று கெஞ்சினேன். பஸ் நகர்ந்தபோது நான் இன்னும் சீட்டில்தான் இருந்தேன்.

பூந்தமல்லி

அது கம்பெனிகளுக்கு மதியச் சாப்பாடு அனுப்புகிற சமையல் கூடம். ஒரு முஸ்லிம் அம்மா நடத்துகிறார். புஷ்பத்தைக் கேட்டதும் அவர், யார் நீங்க என்று கேட்டார். அண்ணி என்றேன். என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "புஷ்பம்மா உள்ள கீறாங்க, போங்க" என்றார்.

பெரிய அண்டாக்களுக்கு நடுவில் ஒரு மர நாற்காலி. அதில் உட்கார்ந்து சாம்பார் ருசி பார்த்துக்கொண்டிருந்தாள். தலை முக்கால்வாசி நரைத்திருந்தது. என்னைப் பார்த்தாள், எழுந்திருக்கவில்லை.

பஸ்ஸில் மனப்பாடம் செய்து வைத்திருந்த எதுவும் வரவில்லை. நின்றபடியே சொன்னேன். "புஷ்பம், உன்ன என் ஊட்டு வேலைக்காரியா வச்சுகினு இருந்தேன். ஆவடி சம்பந்தத்தத் தட்டி உட்டது நான்தான். உங்க அண்ணன் மூஞ்சியக்கூட உன்னப் பாக்க உடல. மன்னிச்சுடுன்னு கேக்கத்தான் வந்தேன்."

கரண்டியைக் கழுவி மாட்டினாள். ஆவடி விஷயம் தனக்கு அப்போதே தெரியும் என்றும் அண்ணன் சொன்னார் என்றும் சாதாரணமாகச் சொன்னாள். அங்கிருந்த அரிசி மூட்டையில் உட்கார்ந்துவிட்டேன். அவளே கேட்டாள்.

"அண்ணன எங்க வச்சுகீறீங்க?"

அண்ணனை எங்கே புதைத்திருக்கிறது என்பதுகூட அவளுக்குத் தெரியாது. இத்தனை நாள் அதை யாரிடம் கேட்பது என்றும் தெரியாமல் இருந்திருக்கிறாள். இப்போதே கூட்டிப்போகிறேன் என்றேன். சாப்பாட்டு வண்டி கிளம்பாமல் வரமுடியாது, இரண்டு மணி ஆகும் என்றாள். ஒரு கூடை பீன்ஸையும் கத்தியையும் எடுத்து என் முன்னால் வைத்தாள். நறுக்கினேன். பெரிசு பெரிசாக நறுக்குகிறேன் என்று இரண்டு தடவை திருத்தினாள். அதன்பிறகு சரியாக நறுக்கினேன்.

கல்லறைத் தோட்டத்தில் வெயில் இறங்கியிருந்தது. நான் கல்லைக் காட்டிவிட்டுத் தள்ளி நின்றுகொண்டேன். அவள் உட்கார்ந்து, கல்லில் இருந்த வேப்பம் சருகை ஒவ்வொன்றாக எடுத்துப் போட்டாள். பிறகு பக்கத்தில் இருக்கிறவரிடம் பேசுகிறமாதிரி மெல்லச் சொன்னாள்.

"அண்ணா, பாப்பா வந்துகீறேன். அண்ணிதான் இட்டுகினு வந்துச்சு."

என்னைப் பற்றி அவள் அவரிடம் சொல்வதற்கு எவ்வளவோ இருந்தது. இதை மட்டும்தான் சொன்னாள்.

பஸ் ஸ்டாப்பில், வீட்டுக்கு வா என்று கூப்பிட்டேன். இரண்டு பஸ்ஸைப் போகவிட்டுவிட்டுத்தான் சொன்னாள்.

"மன்னிக்கச் சொல்லி வேதத்துல போட்டுகீது. எனக்கும் தெரியும் அண்ணி, தெனமும் படிக்கிறேன். நானா பண்ணிப் பாத்துட்டேன், முடியல. வாய் சொல்லுது, மனசு வரமாட்டுது. ஆண்டவருதான் எனக்குள்ள அத்தப் பண்ணணும். எனக்காக ஜெபம் பண்ணு."

பூந்தமல்லி பஸ் வந்தது, ஏறிவிட்டாள். ஜன்னல் ஓரம் இடம் கிடைத்ததா என்று பார்ப்பதற்குள் வண்டி திரும்பிவிட்டது.

பதினாலு வருஷம் ஒரே கூரைக்குக் கீழே இருந்தோம். ஒரு புடவை, ஒரு மாத்திரை, ஒரு நாள் ஓய்வு என்று அவள் என்னிடம் எதையும் கேட்டதில்லை. முதல்முதலாகக் கேட்டது இது.

அவள் இன்னும் வீட்டுக்கு வரவில்லை. தினமும் காலையில் அவளுக்காக ஜெபிக்கிறேன். அவளை என்னிடம் அனுப்பிவிடும் என்று கேட்க நாக்கு நுனிவரை வந்துவிடுகிறது. அதை விழுங்கிவிட்டு, அவள் கேட்கச் சொன்னதை மட்டும் கேட்கிறேன்.